சீப்பும் கட்டரும்

செம்மறி ஆட்டின் மயிர் எடுக்கும் இயந்திரத்தில் வெட்டும் வேலையைச் செய்வது இரண்டே எஃகுத் தகடுகள். கீழே இருப்பது சீப்பு. அது அசையாது, தோலை ஒட்டியபடி மயிருக்குள் நுழைந்து, மயிரைப் பல்லிடுக்குகளில் பிரித்து நிறுத்தும். மேலே இருப்பது கட்டர். மூன்று அல்லது நான்கு முனைகள் கொண்ட அந்தத் தகடு சீப்பின் மேல் இடமும் வலமும் ஓடி, இடுக்கில் நிற்கும் மயிரை நறுக்கும். இரண்டையும் தாங்கி, சக்தியைக் கட்டருக்குக் கொண்டுசேர்க்கும் கைக்கருவிக்கு ஹேண்ட்பீஸ் என்று பெயர். சலூனில் முடி வெட்டும் மெஷின், குதிரைக்கும் நாய்க்கும் மயிர் குறைக்கும் மெஷின் எல்லாமே இந்தத் தத்துவத்தில் ஓடுபவைதான்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் இந்த இயந்திரத்தில் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. சீப்பும் கட்டரும் என்ற ஜோடி மட்டும் அப்படியே இருக்கிறது. திருத்தங்கள் பெரும்பாலும் அந்த ஜோடிக்குப் பின்னால் நடந்தவை: கட்டரை எது தள்ளுகிறது, எவ்வளவு அழுத்தத்தில் அது சீப்பின் மேல் படிகிறது, சக்தி எந்த வழியாகக் கைக்கு வருகிறது, சூடும் அதிர்வும் எங்கே போகின்றன. பெங்களூரில் ஹலசூரை ஒட்டிய ஜோகுபாளையத்துச் சாணைப் பட்டறை மேசையில் ஒரு ஹேண்ட்பீஸைப் பிரித்துப் போட்டால், அதன் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு பழைய கோளாறுக்குக் கண்ட தீர்வு என்பது விளங்கும்.

கைக்கத்தரி

இயந்திரத்துக்கு முன்னால் இருந்தது கைக்கத்தரி. அதில் இரண்டு வகை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புழங்கியது ஒரே எஃகுப் பட்டையை வளைத்துச் செய்த வில் கத்தரி. அழுத்தினால் மூடும், விட்டால் தானே திறக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இதற்குப் பெயர்போனது. தக்காணத்தில் ஆடு மேய்க்கும் குருபர்கள் கையில் இருப்பது நடுவில் ஆணி அடித்த இரட்டைக் கால் கத்தரி. உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுப்பது. மயிர் எடுப்பவர் ஆட்டின் கால்களைக் கட்டிச் சாய்த்துப் போட்டு, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் புரட்டுவார்.

கைக்கத்தரியை மட்டமாக எண்ணிவிட முடியாது. 1892 அக்டோபரில் ஜாக் ஹோவ் என்பவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆலிஸ் டவுன்ஸ் பண்ணையில், 7 மணி 40 நிமிட வேலை நேரத்தில் 321 ஆடுகளுக்குக் கைக்கத்தரியால் மயிர் எடுத்தார். இயந்திரம் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்ட காலம் அது. அப்படியிருந்தும் இயந்திரம் பிடித்த ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தாண்ட 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாண்டியவர் டெட் ரீக்.

வேகத்தைவிட வேறு இரண்டு இடங்களில்தான் கைக்கத்தரி தோற்றது. அதன் அலகு தோலிலிருந்து ஒரே உயரத்தில் ஓடாது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே வரப்பு போல மயிர் நின்றுவிடும். அதை மறுபடி வெட்டினால் கிடைப்பது குட்டை மயிர், நூற்பதற்கு உதவாது. இரண்டாவது, நாள் முழுவதும் அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்கும். பழகாத கையில் காயமும் கூடுதல். அதனால் இயந்திரம் தேடியவர்கள் முதலில் கேட்டது தோலை ஒட்டிய சீரான வெட்டு. வேகம் பிறகு வந்தது.

முதல் இயந்திரங்கள்

1868-லேயே மெல்போர்னில் மயிர் எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போயிருந்தது. ஆனால் காகிதத்திலிருந்து கொட்டகைக்கு வந்த முதல் இயந்திரம் பிரெடெரிக் வோல்ஸ்லியுடையது. 1837-ல் அயர்லாந்தில் பிறந்து 1854-ல் ஆஸ்திரேலியா போன அவர், நியூ சவுத் வேல்ஸின் வால்கெட் அருகே யூரோக்கா என்ற ஆட்டுப் பண்ணையை நடத்தியவர். 1877-ல் ராபர்ட் சாவேஜ் என்பவருடன் சேர்ந்து ஒரு காப்புரிமை பெற்றார். அதே வேலையில் தனியாக இறங்கியிருந்த ஜான் ஹோவர்டு என்ற மெக்கானிக்கின் உரிமைகளையும் பின்னர் விலைக்கு வாங்கி, அவரையே வேலைக்கும் வைத்துக்கொண்டார். ஆட்டைத் தெரிந்தவரும் இயந்திரம் தெரிந்தவரும் சேர்ந்த இந்தக் கூட்டணிதான் கருவியை ஓட வைத்தது.

1880-களின் நடுவில் மெல்போர்னில் ஒரு பகிரங்கப் போட்டி நடந்தது. கைக்கத்தரி பிடித்தவர் டேவ் பிரவுன். இயந்திரம் பிடித்தவர் ஹசன் அலி. பிரவுன்தான் முதலில் முடித்தார். ஆனால் அவர் முடித்த ஆடுகளின் மேல் இயந்திரத்தை மறுபடி ஓட்டியபோது கணிசமான மயிர் இன்னும் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர்களுக்குக் கணக்கு அங்கேயே புரிந்துவிட்டது. 1888-ல் டார்லிங் ஆற்றங்கரையில் லூத் அருகேயுள்ள டன்லப் பண்ணையில், 40 பேர் ஒரு பருவத்தின் மொத்த மந்தைக்கும், அதாவது சுமார் 1,84,000 ஆடுகளுக்கும், இயந்திரத்தாலேயே மயிர் எடுத்து முடித்தார்கள். ஒரு பண்ணை முழுவதும் இயந்திரத்துக்கு மாறிய முதல் நிகழ்வு அதுதான்.

வோல்ஸ்லியின் கம்பெனி 1887-ல் சிட்னியில் தொடங்கி, 1889-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு மாறியது. ஆரம்பகால ஹேண்ட்பீஸ்களில் உறுப்புக்கு உறுப்பு அளவு மாறும். ஒன்றிலிருந்து கழற்றியது மற்றொன்றில் உட்காராது. மெல்போர்னில் இருந்தபோதே இந்தக் கருவியைத் திருத்துவதில் ஈடுபட்ட ஹெர்பர்ட் ஆஸ்டின் என்ற இளம் எஞ்சினியர், 1893-ல் பர்மிங்காம் தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்றார். மயிர் எடுப்பது வருஷத்தில் சில மாத வேலை. மீதி மாதங்களில் இயந்திரங்களைச் சும்மா வைத்திருக்காமல் சைக்கிள் உறுப்பு செய்து, பிறகு மோட்டார் கார் செய்து பார்த்தார்கள். வோல்ஸ்லி கார் பிறந்த கதை அதுதான். 1905-ல் ஆஸ்டின் தன் பெயரிலேயே தனிக் கம்பெனி தொடங்கினார். அமெரிக்காவில் குதிரைக்கும் ஆட்டுக்கும் மயிர் எடுக்கும் இயந்திரம் செய்த சிகாகோ ஃபிளெக்சிபிள் ஷாஃப்ட் கம்பெனிதான் பின்னாளில் வீட்டுச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற சன்பீம். இந்தியக் கிராமங்களில் கிணற்று நீர் இறைப்பதில் பெயர் வாங்கிய லிஸ்டர் எஞ்சினின் தாய்க் கம்பெனியும் ஆட்டு மயிர் இயந்திரம் செய்ததுதான்.

சுழற்சி ஓட்டமாக மாறும் இடம்

எஞ்சினோ மோட்டாரோ தருவது சுழற்சி. கட்டருக்கு வேண்டியது பக்கவாட்டு ஓட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் ஹேண்ட்பீஸின் இருதயம். பின்முனையில் நுழையும் ஷாஃப்டின் நுனியில், மையத்திலிருந்து சற்றே விலகி ஒரு கிராங்க் ஆணி இருக்கும். அந்த ஆணியின் மேல் ஓர் உருளை. உருளை, ஃபோர்க் என்ற கவைக்கோலின் பின்புறக் காடியில் உட்கார்ந்திருக்கும். ஃபோர்க் நடுவில் ஒரு குமிழ் ஆணியின் மேல் ஊஞ்சல் ஆடும். பின்புறம் உருளை சுற்றச் சுற்ற, முன்புறம் இடமும் வலமும் வீசும். முன்புறத்தில் கோழிக்கால் போலப் பிரியும் இரண்டு விரல்கள் கட்டரின் துளைகளில் பதிந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும். தொழிலில் அவற்றுக்குக் கோழிக்கால் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இன்றைய ஹேண்ட்பீஸ் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,500 முதல் 3,500 சுற்று ஓடும். ஒரு சுற்றுக்கு இரண்டு வெட்டு. 2,500 சுற்று என்றால் கட்டர் நிமிஷத்துக்கு 5,000 தடவை திசை மாறுகிறது. ஒவ்வொரு திசை மாற்றத்திலும் கட்டரையும் ஃபோர்க்கையும் நிறுத்தித் திருப்ப வேண்டும். அந்த அடி முழுவதும் உருளையிலும் குமிழ் ஆணியிலும் விழும். மிச்சம் அதிர்வாகக் கையில் ஏறும். அதனால் இங்கே வந்த திருத்தங்கள் மூன்று. வெண்கலப் புஷ் இருந்த இடத்தில் பால் பேரிங் வந்தது. கிராங்கின் மறுபக்கத்தில் எதிர்ப்பாரம் வைத்து அதிர்வை ஓரளவு சமன் செய்தார்கள். ஃபோர்க்கின் கனத்தைக் குறைத்தார்கள்; அசையும் பாரம் குறைந்தால் அடியும் குறையும்.

இன்னொரு குறை வடிவக் கணக்கைச் சேர்ந்தது. ஃபோர்க் ஓர் ஆணியின் மேல் ஆடுவதால் கட்டர் நேர்க்கோட்டில் ஓடாது. வில்லாக வளைந்து ஓடும். ஓரப் பற்களில் கட்டரின் முனை சற்றுப் பின்வாங்கும். இதைத் திருத்த முயன்றவர்களில் குறிப்பிடத்தக்கவர் தென் ஆஸ்திரேலியாவின் ஞாரின்ஜெரி பழங்குடியைச் சேர்ந்த டேவிட் உனைபோன். சுழற்சியை நேர்க்கோட்டு ஓட்டமாக மாற்றும் ஹேண்ட்பீஸ் ஒன்றுக்கு 1909-ல் தற்காலிகக் காப்புரிமை கேட்டார். முழுக் காப்புரிமைக்குப் பணம் திரட்ட முடியாமல் போனதால் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து அவருக்குக் காசு எதுவும் வரவில்லை. 1995 முதல் ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது. சந்தையில் நிலைத்தது வில் ஓட்டமே. உறுப்பு குறைவு, செலவு குறைவு, தூசியைத் தாங்கும் என்பவை காரணம். அந்த வளைவுக்குப் பொருந்தும்படி சீப்பின் வடிவத்தையே அமைத்துக்கொண்டார்கள்.

இறுக்கம்

கட்டர் சீப்பின் மேல் எவ்வளவு அழுத்தத்தோடு படிய வேண்டும் என்பது நுட்பமான விஷயம். இறுக்கம் குறைந்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே மயிர் புகுந்துகொள்ளும். மெஷின் வெட்டாமல் மயிரை மெல்லும். இறுக்கம் கூடினால் உராய்வு கூடும், தகடு சுடும், முனை சீக்கிரம் மழுங்கும், பேரிங்கும் தேயும். வெயிலில் ஆட்டின் தோலில் சுட்ட சீப்பு பட்டால் ஆடு உதறும், உதறினால் காயம்.

இதற்கு ஹேண்ட்பீஸின் முதுகில் ஒரு நட்டு இருக்கிறது. நட்டைத் திருகினால், ஒரு சிறு தண்டு ஃபோர்க்கின் நடுவில் அழுத்தும். அந்த அழுத்தம் கோழிக்கால்கள் வழியாகக் கட்டருக்குப் போகும். தண்டு இரு முனையிலும் கிண்ணக் குழியில் உட்கார்ந்திருப்பதால் ஃபோர்க் ஆடும்போது கூடவே சாய்ந்து கொடுக்கும். ஓடும்போதே கட்டைவிரலால் திருகிச் சரிசெய்யலாம். பார்க்கச் சின்ன ஏற்பாடு. ஆனால் மயிர் எடுப்பவர் வேலையை நிறுத்தாமல், ஆட்டுக்கு ஆடு, முனை மழுங்க மழுங்க, இறுக்கத்தைக் கையாள முடிந்தது இதனால்தான். முனை கூராக இருக்கும்போது குறைந்த இறுக்கம் போதும். நட்டை அடிக்கடி இறுக்க வேண்டியிருந்தால் அது சாணைக்கு நேரம் வந்துவிட்டதன் அறிகுறி.

பட்டறைக்கு வரும் ஹேண்ட்பீஸ்களில் மோட்டார் போயிற்று என்று கொடுக்கப்படுபவற்றில் பல இங்கேதான் கெட்டிருக்கும். தண்டின் நுனி தேய்ந்து கூம்பாகியிருக்கும், அல்லது கிண்ணக் குழி ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அழுத்தம் இரண்டு கோழிக்காலுக்கும் சமமாகப் பிரியாது. கட்டரின் ஒரு பாதி வெட்டும், மறுபாதி மெல்லும். உரிமையாளர் அதைச் சரிக்கட்ட நட்டை மேலும் இறுக்குவார், மோட்டார் திணறும். தண்டும் கிண்ணமும் மாற்றினால் மோட்டார் பழையபடி ஓடும்.

சக்தி வரும் வழி

முதல் கொட்டகைகளில் சக்தி தந்தது நீராவி எஞ்சின்; சிறு பண்ணைகளில் குதிரை செக்கு. கூரையை ஒட்டி ஒரு நீள ஷாஃப்ட் ஓடும். ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலும் அதில் ஓர் உராய்வுச் சக்கரம். கயிற்றை இழுத்தால் தோல் பதித்த கூம்புச் சக்கரம் அதன்மேல் படிந்து சுழலும், விட்டால் நிற்கும். அங்கிருந்து ஹேண்ட்பீஸ் வரை சக்தி வளைந்து நெளிந்து வர வேண்டும். அதற்குக் குழாய்க்குள் முறுக்கிய நரம்புக் கயிறு. ஆட்டுக் குடலில் செய்தது. குடல் கயிறு வளைந்து கொடுக்கும்; ஆனால் எண்ணெய் வற்றினால் சூடேறி அறுந்துபோகும். பின்னர் மேல் பகுதி பல்சக்கரக் கணுக்கள் வைத்த எஃகுக் குழாயாக மாறி, கைக்கு அருகே மட்டும் குட்டைக் குடல் கயிறு நின்றது. அதன் பிறகு அதுவும் போய் முழுக்கக் கணு வைத்த தண்டு வந்தது.

மின்சாரம் வந்ததும் கூரை ஷாஃப்ட் தேவையற்றுப் போயிற்று. ஆளுக்கு ஒரு மோட்டார். ஒரு மெஷின் கெட்டால் கொட்டகை முழுவதும் நிற்க வேண்டியதில்லை. அடுத்த கட்டத்தில் மோட்டாரையே ஹேண்ட்பீஸின் பிடிக்குள் வைத்தார்கள். இந்தியாவில் சிறு மந்தைகளுக்கும் முகாம்களுக்கும் வருவது பெரும்பாலும் இந்த வகை. தொங்கவிட உத்தரம் வேண்டாம், பையில் வைத்து எடுத்துப் போகலாம். குறை என்னவென்றால் கனம் முழுவதும் கையில். மோட்டாரின் சூடும் கையில். குளிர்விக்கும் விசிறி உறிஞ்சும் காற்றோடு மயிரும் தூசியும் உள்ளே போகும். காற்று வலையைத் துடைக்காத மெஷின் ஒரு பருவத்தைத் தாங்காது. தொங்கும் மோட்டார் வகையில் கையில் இருப்பது ஹேண்ட்பீஸ் மட்டும். நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு அதுவே உகந்தது.

சக்தி கூடக் கூட ஓர் ஆபத்தும் கூடிற்று. சீப்பில் ஏதாவது சிக்கி ஃபோர்க் இறுகிவிட்டால், சுழல வழியில்லாத ஷாஃப்ட் ஹேண்ட்பீஸையே சுழற்றிவிடும். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அது வீசியடிக்கும். முகம், கை எதுவும் அகப்படலாம். இதற்குத் தீர்வாக, பாரம் திடீரென்று ஏறியவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் மோட்டார்களும், அளவு மீறினால் கழன்றுகொள்ளும் இணைப்புகளும் வந்தன. ஈரக் கொட்டகையில் ஓடும் கருவி என்பதால் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் அவசியம்.

சீப்பின் வடிவம்

சீப்பில் மூன்று அளவுகள் முக்கியம்: அகலம், பல் எண்ணிக்கை, பல் நுனியின் சரிவு. நெடுங்காலம் ஆஸ்திரேலியாவில் வழக்கில் இருந்தது சுமார் 64 மில்லிமீட்டர் அகலமும் 10 பல்லும் கொண்ட சீப்பு. அதற்கு மூன்று முனைக் கட்டர். நியூசிலாந்தில் 13 பல் அகலச் சீப்பும் நான்கு முனைக் கட்டரும் பரவின. ஒரு வீச்சில் கூடுதல் அகலம் போகும், வீச்சுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் அகலச் சீப்பு வந்தால் கூலிக் கணக்கு மாறும், வேலைக்கு வெளியாட்கள் வருவார்கள் என்று ஆஸ்திரேலியத் தொழிற்சங்கம் எதிர்த்தது. 1983-ல் இதற்காகப் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எஃகுக்காக ஒரு நாட்டின் கொட்டகைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. கடைசியில் அகலச் சீப்பே நிலைத்தது.

நுனிச் சரிவு நீளமாக இருந்தால் பல் மெலிந்து அடர்ந்த மயிரில் எளிதில் நுழையும். ஆனால் தோல் சுருக்கத்தில் குத்தும். குட்டைச் சரிவு பத்திரமானது. அடர்ந்த மயிரில் தள்ள வேண்டியிருக்கும். மெரினோ ஆட்டின் சுருக்கம் விழுந்த தோலுக்கு ஒன்று, தளர்ந்த மயிருள்ள ஆட்டுக்கு ஒன்று என்று சீப்புகள் பிரிந்தது இதனால். குளிர்ப் பிரதேசங்களுக்கு அடிப்பகுதி உயர்த்திய சீப்பும் உண்டு. அது தோலின் மேல் கொஞ்சம் மயிரை விட்டுவைக்கும், ஆடு விறைத்துப் போகாது.

இயந்திரத்தோடு சேர்ந்து ஆட்டைப் பிடிக்கும் முறையும் மாறியது. நியூசிலாந்தின் காட்ஃப்ரே போவன், ஆட்டைக் கட்டாமல் பிட்டத்தில் உட்கார வைத்து, முழங்கால்களால் தாங்கி, இடது கையால் தோலை இழுத்து விறைப்பாக்கி நீள வீச்சுகளில் மயிர் எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். 1953-ல் ஒன்பது மணி நேரத்தில் 456 ஆடுகளை முடித்தார். கட்டிப் போட்ட ஆட்டின் தோல் மடிப்பு விழும். மடிப்பில் சீப்பு ஏறினால் தோல் கிழியும். போவனின் முறையைக் கற்றுக்கொள்ளாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கிய இடங்களில் காயம் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

சாணை

எத்தனை திருத்தம் வந்தாலும் சீப்பும் கட்டரும் மழுங்கும். இந்தத் தகடுகளைக் கத்தி போல விளிம்பில் தீட்டுவதில்லை. ஒன்றோடொன்று உரசும் முகத்தைத்தான் தேய்க்க வேண்டும். கூர்மை என்பது அந்த முகமும் பல்லின் பக்கச் சுவரும் சந்திக்கும் கோடு. முகத்தைத் தேய்த்தால் கோடு புதிதாகப் பிறக்கும்.

முகம் முற்றிலும் தட்டையாகவும் இருக்கக் கூடாது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நுனியும் அடியும் அழுந்திப் படியும், நடுவில் எண்ணெய் தங்கும். இதற்காகச் சாணைத் தட்டின் முகத்தை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி மிக இலேசாகச் சரித்துக் கடைந்திருப்பார்கள். அதன் மேல் எமரித் தாள் ஒட்டப்படும். தட்டுக்கு மேலே தொங்கும் ஊசல் கம்பியின் நுனியில் காந்தப் பிடி. சீப்பை அதில் ஒட்டி, சுழலும் தட்டின் மேல் குறுக்கே நகர்த்த வேண்டும்.

பிடித்த சில விநாடிகளில் பொறி சொல்லிவிடும். எல்லாப் பல்லிலிருந்தும் ஒரே நீளத்துக்குப் பொறி பறந்தால் முகம் முழுவதும் தட்டில் படிந்திருக்கிறது என்று பொருள். அடியில் மட்டும் பறந்தால் ஊசலின் உயரம் தவறு. நுனி இன்னும் தட்டைத் தொடவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் பறந்தால் பிடி சாய்ந்திருக்கிறது. அழுத்திப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடிந்தது போலத் தோன்றும். பல் நுனி நீலம் பாரித்துவிடும். நீலம் பாரித்த எஃகு பதம் இழந்தது. அடுத்த ஆட்டிலேயே மழுங்கும். இலேசான அழுத்தம், இடையிடையே தண்ணீரில் தொட்டெடுத்தல், முடிவில் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து நுனிகளைப் பார்த்தல் என்பதே முறை. மழுங்கிய நுனி வெளிச்சத்தில் பளிச்சென்று ஒரு கோடு காட்டும். கூரான நுனியில் அந்தக் கோடு தெரியாது.

சாணைக்குப் பிறகு பொருத்தம். கட்டரின் முனை சீப்பின் பல்லிடுக்கு முடியும் இடத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது; நீட்டினால் தோலைக் கடிக்கும். சில மில்லிமீட்டர் பின்தங்கியே இருக்க வேண்டும். அடுத்து, ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றி, கட்டர் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒரே அளவு தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகப் போனால் சீப்பை நகர்த்திச் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் எட்டாமல் போனால் உருளையோ ஃபோர்க் காடியோ தேய்ந்திருக்கிறது. பேரிங், ஸ்பிரிங், திருகு போன்றவற்றுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் பொருந்தும் அளவு அகப்பட்டுவிடும். சீப்பும் கட்டரும் மட்டும் தயாரித்த கம்பெனியின் சரக்காகவே இருப்பது நல்லது. அவற்றின் எஃகும் பதமும் பட்டறையில் உண்டாக்கக் கூடியவை அல்ல.

தென்னிந்திய ஆடுகளுக்கு

மேலே சொன்ன திருத்தங்கள் பெரும்பாலும் மெரினோ போன்ற நுண்மயிர் ஆடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தென்னிந்திய நிலைமை வேறு. மேச்சேரி, சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளுக்கு எடுக்கும்படியான மயிரே கிடையாது. கறிக்குப் பேர்போன பன்னூர் ஆட்டை யாரும் மயிருக்காக வளர்ப்பதில்லை. மயிர் உள்ளவை கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை, நீலகிரி ஆடு. கர்நாடகத்தில் தக்காணி, பெல்லாரி. இவற்றில் நீலகிரி ஆட்டுக்கு மட்டுமே மெல்லிய மயிர். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகியவற்றைக் கலந்ததில் உருவானது அது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காத்துவருகிறது. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962-ல் தொடங்கிய மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், 1965-ல் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் தென்மண்டல மையத்தை அமைத்தது. அங்கே பாரத் மெரினோ ஆடுகள் வளர்கின்றன. இத்தகைய நுண்மயிர் மந்தைகளில் இயந்திரம் தன் முழுப் பயனைத் தரும். மலைக்குளிரில் மயிர் கொஞ்சம் விட்டுவைக்கும் சீப்பும் அங்கே பொருந்தும்.

தக்காணியின் மயிர் முரடு, குட்டை, கறுப்பு. அடர்த்தி குறைவு, அதனால் நீள நுனிச் சீப்பு தேவையில்லை, குட்டைச் சரிவே போதும். பெரிய எதிரி மண். செம்மண்ணும் மணலும் முள்ளும் மயிருக்குள் ஏறியிருக்கும்; மணல் கட்டருக்கும் சீப்புக்கும் நடுவே புகுந்து முகத்தைக் கீறும். நன்றாகக் கழுவிக் காய வைத்த ஆட்டில் ஒரு கட்டர் உழைப்பதற்கும் கழுவாத ஆட்டில் உழைப்பதற்கும் பல மடங்கு வித்தியாசம். ஏரியிலோ ஆற்றிலோ ஆட்டை இறக்கிக் குளிப்பாட்டி, காய்ந்த பிறகு மயிர் எடுக்கும் பழைய வழக்கம் இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தும். ஈரம் காயாத ஆட்டில் மெஷினை வைக்கவே கூடாது. மயிர் ஒட்டிக்கொள்ளும், தகடு துருப்பிடிக்கும், ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு.

செலவுக் கணக்கு வேறு ஒரு தடை. சள்ளக்கெரே போன்ற ஊர்களின் கம்பளித் தறிகளும், 1884-ல் தொடங்கி பின்னர் பின்னி நிறுவனத்தின் கைக்குப் போன பெங்களூர் உல்லன் மில்லும் கம்பளி நெய்த காலத்தில் மயிருக்கு வாங்குபவர் இருந்தார்கள். இன்று முரட்டு மயிருக்குப் பல இடங்களில் கத்தரிக்கும் கூலிக்கே விலை வருவதில்லை. ஆட்டின் உடல்நலத்துக்காக மயிரை எடுத்து எறிந்துவிடுபவர்கள் உண்டு. இந்த நிலையில் தனி ஒருவர் இயந்திரம் வாங்குவது கட்டுபடியாகாது. பல மந்தைகளுக்கு ஒரு ஜெனரேட்டர், இரண்டு மூன்று மெஷின், போதிய மாற்றுக் கட்டர்கள், ஒரு சாணைத் தட்டு என்று ஊர் ஊராகப் போகும் குழுவுக்குத்தான் கட்டும். அப்படிப் போகும் குழுவிலும் மெஷின்களைவிடச் சாணைத் தட்டுதான் முக்கியம். அது இல்லாத முகாமில் மதியத்துக்குள் எல்லாக் கட்டரும் மழுங்கி, மக்கள் மறுபடி கைக்கத்தரியை எடுத்துவிடுவார்கள்.

வேறு வழிகள்

மனிதக் கையே இல்லாமல் மயிர் எடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டிரெவெல்யன் தலைமையிலான குழு 1979-ல் ஒரு ரோபோவைக் கொண்டு உயிருள்ள ஆட்டுக்கு மயிர் எடுத்துக் காட்டியது. மூச்சுக்கு மூச்சு அசையும் தோலின் மேல் சீப்பை ஒரே உயரத்தில் நடத்த முடியும் என்பது அதில் உறுதிப்பட்டது. ஆனால் ஆட்டைப் பிடித்து நிறுத்தும் சட்டமும் ரோபோவும் சேர்ந்த செலவு ஓர் ஆளின் கூலியோடு போட்டி போட முடியவில்லை. ஆராய்ச்சி 1990-களின் தொடக்கத்தில் நின்றது. 1998-ல் பயோகிளிப் என்ற முறை விற்பனைக்கு வந்தது: ஒரு புரத ஊசி போட்டால் மயிர் வேரருகே நலிந்து அறும், ஆட்டுக்கு வலை போர்த்தி வைத்தால் சில வாரத்தில் மயிர் மொத்தமாகக் கழன்று வரும். அதுவும் பெருவழக்காகவில்லை.

எனவே உலகம் முழுவதும் மயிர் எடுக்கும் வேலை இன்னும் ஒரு மனிதக் கை, ஒரு ஹேண்ட்பீஸ் என்ற நிலையிலேயே இருக்கிறது. கருவி நீடிக்கச் செய்ய வேண்டியவை சில. மணிக்குப் பலமுறை எண்ணெய் விடுதல். ஒவ்வொரு இடைவேளையிலும் கட்டர் மாற்றுதல். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தி, சீப்பைக் கழற்றி, மயிர்ப் பிசுக்கைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தல். பருவத்துக்கு ஒருமுறை உருளை, தண்டு, கிண்ணம், பேரிங் ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்தல். இவற்றைச் செய்தால் ஹேண்ட்பீஸின் உடல் பல ஆண்டு உழைக்கும். மாற்ற வேண்டி வருவது சீப்பும் கட்டரும் சில சிறு உறுப்புகளும் மட்டுமே.